கல்லாந்துறைக்கு விருந்து வந்த தீவு

தீவு எங்கள் ஊருக்கு வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்குக் கடல் எதைக் கொண்டுவந்து வாசலில் போட்டாலும் அது கடல் போட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை யார் கூப்பிட்டார்கள் என்பதுதான் அன்று காலையில் கல்லாந்துறை முழுக்க எழுந்த கேள்வி, ஏனென்றால் அழையாத வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் பக்கத்தில் மனிதரும் செய்ய மாட்டார்கள், மண்ணும் செய்யாது. கூப்பிட்டது யார் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் வியாகுலம், கித்தேரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஓலைத் தட்டி, அதில் ஓட்டை நிறைய.

கித்தேரியின் புருஷன் தொம்மை, பெரிய படகு ஒன்றை வைத்துக்கொண்டு, மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேனில் வந்து இறங்குகிற ஆட்களுக்கெல்லாம் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி, காலையில் கூட்டிப்போய் மூன்று தீவு காட்டி, குளிக்க வைத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவன். முதல் தீவு நண்டுப்பாறை, அங்கே படகிலிருந்தே குனிந்து பவளப்பாறை பார்த்து எல்லாரும் ஓவென்று கத்துவார்கள். இரண்டாவது இரட்டைத்திட்டு, அங்கே முழங்கால் ஆழத்தில் பிள்ளைகள் புரண்டு கத்தும். மூன்றாவது தாழைத்தீவு, அங்கேதான் நீச்சல், அங்கேதான் சோறு, அங்கே கத்தாதவர்கள் யாரும் கிடையாது, இன்கம்டாக்ஸ் அதிகாரிகூட அங்கே கத்தியிருக்கிறார். தண்ணீர் அப்படி. உள்ளே ஒரு விளக்கு எரிகிற மாதிரி பச்சையாக இருக்கும், நீந்துகிறவர்களின் நிழல் கீழே மணலில் அவர்களோடு சேர்ந்து நீந்தும்.

அந்தச் சோற்றை ஆக்குவதற்காகக் கித்தேரியும் படகில் போவாள். அதற்கு ஊர் லேசில் சம்மதிக்கவில்லை. கல்லாந்துறைப் பெண்கள் கடலில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் மீன் மேற்கே போய்விடும் என்பது எங்கள் ஊர்க் கட்டு. மீன் எதுவும் இதுவரை வந்து சாட்சி சொன்னதில்லை, ஆனாலும் கட்டு கட்டுதான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படகிலிருந்து மணலுக்கு ஒரு பலகை போட வேண்டியது, கித்தேரி அதன்மேல் நடந்து இறங்க வேண்டியது, அதன்மேலேயே நடந்து ஏற வேண்டியது, கால் நனையாமல் போய்க் கால் நனையாமல் வர வேண்டியது. ஊர்த்தலைவர் லாசரின் பெண்டாட்டி செபஸ்தியம்மாள் சாயங்காலம் தோறும் கரையில் நின்று, படகு வந்ததும் கித்தேரியின் சேலைக்கரையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று தலையாட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போவாள். சாமி கும்பிடாமல்கூட இருந்துவிடுவாள், இந்தச் சேலைக்கரை தடவுவதை ஒரு நாளும் விட்டதில்லை.

இப்படியாகக் கித்தேரி, உலகத்திலேயே நல்ல தண்ணீருக்குப் பக்கத்தில், மூன்று கல் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, யார் யாரோ நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொம்மை தண்ணீர் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நீச்சலும் சொல்லிக்கொடுப்பான். தினமும் ஒரே பாடம்தான்: "மூச்ச நெஞ்சு நெறைய வாங்குங்க. காதத் தண்ணிக்குக் குடுத்துருங்க. வானத்தப் பாருங்க. பெறவு கடல் பாத்துக்கும்." இதைக் கேட்டுக் கேட்டுக் கித்தேரிக்கு மந்திரம் மாதிரி மனப்பாடம். தொம்மை டீசல் வாங்கப் போகிற நேரத்தில் அவள் பாயில் குப்புறப் படுத்துக் கைகளை வீசி வீசிப் பார்ப்பதை ஓலைத் தட்டி வழியாக நான் பார்த்திருக்கிறேன். முதலில் வலிப்பு என்று நினைத்து, கையில் கொடுக்க இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தீவு வருவதற்கு முந்தின நாள் மதுரையிலிருந்து நர்சுகள் ஒரு கூட்டமாக வந்திருந்தார்கள். அதில் வைதேகி என்று ஒருத்தி, நல்ல பருமன், தண்ணீரைத் தொட்டதுமே அழுதாள், தொம்மையின் கையை விடவே மாட்டேன் என்றாள், மத்தியானம் வரைக்கும் அழுதாள், பிறகு என்ன நடந்ததோ, திடீரென்று கையை விட்டுவிட்டு மல்லாந்து, "ஏய்! நான் மிதக்கறேன்டி! என்னப் பாருங்கடி, நான் மிதக்கறேன்!" என்று அவள் போட்ட கூச்சலில் தாழம்புதரில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன. அன்றைக்குக் கித்தேரியின் மீன்குழம்பு முதல்முறையாக அடிபிடித்தது. "எனக்கு வயிறு எரிஞ்சுதுக்கா, பொய் சொல்லப்படாது, அப்படி எரிஞ்சுது" என்று என்னிடம் சொன்னாள். "அவளும் என்ன மாதிரி ரெண்டு கால் உள்ளவதானே."

சாயங்காலம் கிளம்பும்போது அடுப்புச் சாம்பலைத் தள்ளிவிட்டு, பலகையில் ஏறுவதற்கு முன்னால், அந்த மணலை ஒரு தட்டுத் தட்டி, "வாரேன். நீயும் ஒரு நாள் வீட்டுப் பக்கம் வா, என்ன?" என்றாளாம். இது எல்லாரும் சொல்வதுதான். நாங்கள் பஸ் கண்டக்டரிடமும் சொல்வோம், ஊசி போடுகிற டாக்டரிடமும் சொல்வோம், வழி கேட்டவனிடம் வழி சொல்லிவிட்டு அதையும் சொல்வோம். யாரும் வருவதில்லை, வர மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொல்கிறோம்.

தீவுக்கு அந்த நாசூக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிந்தபோது அது வந்து நின்றது, தாழம்புதரோடும், கொக்குகளோடும், நண்டுகளோடும், கரி படிந்த மூன்று அடுப்புக் கற்களோடும். அந்தக் கற்கள் இருக்கிற பக்கத்தை ஊருக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, எங்கள் படகுகள் கடலுக்குப் போகிற ஒரே வாய்க்காலின் வாயில் வசதியாக உட்கார்ந்திருந்தது. வலையோடு வந்த ஆண்கள் அதைப் பார்த்துவிட்டு வலையைக் கீழே வைத்தார்கள். செபஸ்தியம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "விருந்தாளி வந்தா வாசலவா அடச்சுக்கிட்டு உக்காருவாக?" என்று கேட்டாள், ஆனாலும் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போய் அரிசி களைந்தாள்.

வந்தது விருந்து, விருந்தென்றால் கவனிக்க வேண்டும், அதில் எங்கள் ஊரை யாரும் குறை சொன்னதில்லை. தீவு என்ன சாப்பிடும் என்பதில்தான் தகராறு வந்தது. பாயசம் என்றார்கள் சிலர், கருவாடு என்றார்கள் சிலர், கடலிலிருந்து வந்ததற்கே கருவாடா என்று சிரித்தார்கள் சிலர், கடைசியில் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரையே பார்த்த ஜீவன் அது, நல்ல தண்ணீர் கொடுப்போம் என்று முடிவாகி, அன்றைக்கு வந்த குடிதண்ணீர் லாரி முழுவதையும் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து, ஆண்கள் கையில் வாங்கி, தாழைகளின் அடியில் ஊற்றினார்கள். மத்தியானத்துக்குள் தாழை அத்தனையும் பூத்தது. ஊரே மணத்தது, கருவாட்டுக் கொட்டகைகூட மணத்தது, நாலு வருடமாகப் பேசாமல் இருந்த என் மாமியார் என்னிடம் "இது என்ன வாசன?" என்று கேட்டாள்.

பங்குச்சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்தார், சுற்றிலும் தண்ணீரில் இருப்பதன்மேல் மறுபடி தண்ணீர் தெளிப்பதில் அவருக்குக் கொஞ்சம் சங்கடம் இருந்தது, ஆனாலும் தெளித்தார். பக்கத்து ஊர் மரைக்காயர் ஒரு வண்டி இளநீர் இறக்கிவிட்டு, எங்க ஊருக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்று தீவின் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் டேப்போடு வந்து அளந்தார். அளந்து முடிக்கும் நேரத்தில் தீவு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதால் மறுபடி அளந்தார். மறுபடியும் அது காலை நீட்டியது. வேன்கள் வந்தபடி இருந்தன. வெளியூர்க்காரர்கள் படகில்லாமலே கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து தீவுக்குப் போய், நீந்தி, கத்தி, தாழம்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறந்தார்கள். வாத்தியாரும் மறந்தார்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று நாளும் போயிற்று. தீவு அசையவில்லை. வலைகள் காய்ந்து சுருங்கின, ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லை, பிடிக்கிற ஊரில் மீன் வாங்கித் தின்கிற நிலைமை வந்து, அதையும் யாரிடம் வாங்குவதென்று தெரியாமல் குழம்பில் முருங்கைக்காய் மிதந்தது. தொம்மையின் படகும் வாய்க்காலுக்குள் கட்டிக்கிடந்தது. உபசரித்த வாயாலேயே முணுமுணுக்க ஆரம்பித்தோம்.

ஏன் போகவில்லை என்பது ஊருக்கே தெரிந்துதான் இருந்தது. கல்லாந்துறையில் விருந்தாளி தானாகக் கிளம்ப மாட்டார். கூப்பிட்டவர் எழுந்து, கூடவே நடந்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், பஸ் வளைவில் மறைகிறவரை நின்று வழியனுப்ப வேண்டும்; இல்லையென்றால் போக மாட்டார். தொம்மையின் மச்சான் ஒருவர், தொம்மை கடலில் இருந்ததால் வழியனுப்ப ஆளில்லாமல், போன வருஷம் வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு நிறுத்தத்திலேயே வேட்டியை விரித்துப் படுத்துக்கொண்டார், யார் எழுப்பியும் ஏறவில்லை. தீவும் அதே ஜாதி. கூப்பிட்டவர் வரட்டும் என்று காத்திருந்தது.

லாசர் கோயில் மணியடித்து ஊரைக் கூட்டினார். "கூப்பிட்டது யாரா இருந்தாலும் சொல்லிருங்க. குத்தம் சொல்லல. அனுப்பணும், அவ்வளவுதான்."

நான் கித்தேரியைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அவளே எழுந்தாள். "நாந்தான் கூப்பிட்டேன்."

"ஏட்டி, ஊருக்குத் தெரியாம ஒரு தீவக் கூப்பிட ஒனக்கு எங்கேருந்துட்டி தைரியம் வந்துச்சு?" என்று செபஸ்தியம்மாள் பாய்ந்தாள்.

"மொறைக்குச் சொன்னேன் மைனி. வரும்னு யாரு கண்டா?"

அதற்குமேல் யாரும் கோபப்பட முடியவில்லை. முறைக்குக் கூப்பிட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் எங்கெங்கே கிளம்பத் தயாராக இருக்கிறார்களோ என்று ஆளாளுக்கு மனசுக்குள் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் தொம்மையை அனுப்பினார்கள், வீட்டுத்தலைவன் போனால் போதாதா என்று. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போய், கையெடுத்துக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோசம், போயிட்டு வாங்க" என்றான். தீவு ஒரு நண்டைக்கூட அசைக்கவில்லை. பிறகு ஊரிலிருந்த பலகை, கதவு, பெஞ்சு எல்லாவற்றையும் கொண்டுவந்து பாலம் கட்டி, கித்தேரியைக் கால் நனையாமல் தீவின்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் சொன்னாள், மறுபடியும் சொன்னாள். மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு போ என்றால் எந்த விருந்தாளி எழுந்திருப்பார்? திரும்பி வந்தாள்.

"கூட நடந்து போயித்தான் அனுப்பணும்" என்றார் லாசர், மணலைப் பார்த்துக்கொண்டு. "அதுக்குக் கடல்ல நடக்க வழியில்ல. அப்போ..."

"அப்போ எறங்கணும்ங்கீயளோ?" என்றாள் செபஸ்தியம்மாள். "மீனு மேக்க போயிரும்."

"மீனு இருந்தும் புடிக்கப் போக வழியில்லாமத்தானே கெடக்கோம் மைனி. போனா என்ன, இருந்தா என்ன?" என்றாள் கித்தேரி. பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்: "ஊருக்காக எறங்குதேன்னு நல்ல பேரு வாங்கிக்கிட மாட்டேன். எனக்கு எறங்கணும். கல்யாணம் பண்ணி வந்த நாள்லேருந்து எறங்கணும். ஊரு உலகமெல்லாம் வந்து எறங்குது, எங்க வீட்டுப் படகுலதான் வந்து எறங்குது, நான் அடுப்பு ஊதுதேன். இன்னைக்கு எறங்கலன்னா நான் செத்த பெறவுதான் என்னக் குளிப்பாட்டணும், அதுக்கு மின்னால குளிக்கவே மாட்டேன்."

தொம்மையின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. இத்தனை வருடமாக ஊர்பேர் தெரியாதவர்களின் முதுகைத் தாங்கிப் பிடித்த கையை அவன் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். "ஒனக்கு நீந்தத் தெரியாதே, ஏளா" என்றான் மெதுவாக.

"நீங்கதானே சொல்லிக்குடுத்திய. எல்லாருக்கும் சொல்லிக்குடுத்திய, எனக்கு மட்டும் கேக்காமயா இருக்கும்?"

நடந்தாள். கரையில் ஊர் முழுக்க நின்றது. அலை முதலில் அவள் காலைத் தொட்டபோது அவள் "ஆத்தி!" என்று கத்தினாள், சூடு பட்ட மாதிரி, அடுத்த அலைக்குச் சிரித்தாள், முழங்கால், இடுப்பு, மார்பு, சேலை பெரிய பூவாகச் சுற்றிலும் விரிந்தது, அதை அள்ளி இடுப்பில் முடிந்துகொண்டாள். பிறகு காலை எடுத்தாள். மூழ்கிப்போனாள். அப்படியே காணவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே வாயாகக் கத்தினோம், தொம்மை கழுத்தளவுக்கு ஓடிவிட்டான், நான் மாதாவை எல்லாப் பேரும் சொல்லிக் கூப்பிட்டேன். தண்ணீர் குடித்து, இருமி, முடி முகத்தில் ஒட்ட மேலே வந்தவள், "கிட்ட வராதிய!" என்று அவனைத்தான் முதலில் அதட்டினாள். மூச்சை வாங்கினாள், இங்கே கரையிலிருந்தே எங்களுக்குக் கேட்டது. காதைக் கொடுத்தாள். வானத்தைப் பார்த்தாள்.

மிதந்தாள்! எங்கள் கித்தேரி மிதந்தாள்! யார் முதலில் கைதட்டினார்களோ தெரியாது, பிள்ளைகள் குதித்தார்கள், ஊர் மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடித்தார், அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள் புரண்டு, பாயில் வீசிப் பழகிய கையை வீசி, தீவின் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, தாழை வேர் ஒன்றைத் தொட்டு ஏதோ சொன்னாள். அப்போது தீவு எழுந்தது. அவசரமே இல்லை அதற்கு. வழியனுப்ப வருகிறவளின் நடைக்குத் தக்கபடி, அவள் இளைத்தால் நின்று, அவள் கிளம்பினால் கிளம்பி, அவள் பக்கம் அலை அடிக்காமல் தன் மணல் முதுகால் மறைத்துக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டி, அதற்கு வெளியே இருக்கிற பாறையைத் தாண்டி, இரண்டும் பேசிக்கொண்டே போவது மாதிரி போயின. வழி திறந்துவிட்டது. ஒரு படகும் மீன்பிடிக்கப் போகவில்லை. தொம்மை மட்டும் தன் படகைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான், பக்கத்தில் போனால் திட்டுவாள் என்று இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூரத்திலேயே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

தீவு அடிவானத்தில் அதனுடைய இடத்தில் ஒரு பச்சைக் கோடாக ஆனபோது கித்தேரி இன்னும் ஒரு கறுப்புப் புள்ளியாகப் பாறைக்கு அப்பால் மிதந்தபடியே நின்றாள், பஸ் வளைவில் மறையும்வரை நிற்க வேண்டுமல்லவா. பிறகு திரும்பினாள். படகில் ஏறவில்லை. நீந்தியே வந்தாள். இளைத்து, மல்லாந்து படுத்து, மறுபடி நீந்தி, மறுபடி படுத்து, அத்தனை தூரமும் வந்தாள்.

கரையில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போனால் நன்றாகத் தெரியுமே என்று ஒரு அடி எடுத்து வைத்தோம். பிறகு இன்னொரு அடி. கால் நனைந்ததை யாரும் யாரிடமும் சொல்லவில்லை. முழங்காலில் தண்ணீர் குளிர்ந்தபோது என் கையை யாரோ பிடித்தார்கள், திரும்பிப் பார்த்தால் செபஸ்தியம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். "விட்டுராதட்டி வியாகுலம்" என்றாள். நானே யாரைப் பிடிப்பது என்று தெரியாமல்தான் நின்றேன். கித்தேரி வந்து சேர்ந்தபோது கல்லாந்துறைப் பெண்கள் அத்தனை பேரும் கழுத்தளவுத் தண்ணீரில் சேலைகள் மிதக்க நின்று சிரித்துக்கொண்டிருந்தோம், ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமல், நிறுத்தவும் தெரியாமல். ஆண்கள் கரையில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டும் எங்கள் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டும் நின்றார்கள்.

தொம்மை படகிலிருந்து குதித்து மணலில் ஏறி நின்று, கையை நீட்டி, "போதும் ஏளா, கரைக்கு வா" என்றான். திட்டுகிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல்.

கால் எட்டுகிற ஆழத்துக்கு வந்துவிட்டவள், காலை ஊன்றவில்லை. எங்கள் நடுவில் மல்லாந்து படுத்துக்கொண்டு, சிவந்த கண்ணால் ஆகாயத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "கரை எங்க போயிரப் போவுது? இருங்க, வாரேன்."

கரை எங்கேயும் போகாது என்று எங்கள் ஊரில் இனிமேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கரை, நாங்கள் ஒவ்வொருத்தியாக மிதந்து, மூழ்கி, கத்தி, மறுபடி மிதந்து, பொழுது சாய்கிறவரை, இருந்த இடத்திலேயே எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.